செங்கல்வராயன் சொல்ல, சுபஹான் எழுதியது

கேளம்பாக்கம் உப்பளத்தில் செங்கல்வராயன் முதலாளியிடம் பதினோரு வருஷமாக எழுத்து வேலை பார்த்த அப்துல் சுபஹானைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அவரா, வாயில்லாப் பூச்சி" என்பார்கள். பூச்சிதான். ஆனால் அந்தப் பூச்சி பேனாவைத் தொடாமல் கால்வாயில் ஒரு உப்புப் படகு நகராது. உப்பு இலாகாவிலிருந்து வருகிற கடிதமெல்லாம் இங்கிலீஷ். முதலாளிக்குத் தெரிந்த இங்கிலீஷோ "எஸ் சார்", "நோ சார்" என்ற இரண்டுதான். அதிலும் "நோ சார்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

காலை பதினோரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வருவார். சுபஹான் உறையைப் பிரித்து, நின்றபடியே கடிதத்தைத் தமிழில் சொல்லுவான். முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்பார். பிறகு பதில் சொல்வார். "அந்தாளுக்கு வேற வேல இல்ல. போன வாரமே சரக்கு ஏத்தியாச்சுன்னு எழுது" என்பார். சுபஹான் அதைத் தாங்கள் அன்புடன் எழுதிய கடிதம் கிடைக்கப்பெற்றோம் என்று தொடங்குகிற பவ்வியமான இங்கிலீஷாக மாற்றிக் கொண்டுவருவான். எழுதியதை மறுபடி தமிழில் படித்துக் காட்டுவான். முதலாளி அடியில் தமிழில் கையெழுத்துப் போடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னொருவரிடம் காட்டிக் கேட்டது இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள் கிடையாது. அவர் பட்டணம் போகிற நாட்களில் வெற்றுத் தாள் இரண்டு மூன்றில் கையெழுத்தை மட்டும் போட்டுச் சுபஹானின் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார். அவசரமாக ஏதாவது வந்தால் அவனே எழுதி அனுப்பிவிடலாம்.

இப்படி நம்புகிற இடத்தை விட்டுப் போக யாருக்காவது மனசு வருமா? சுபஹானுக்கும் வரவில்லை. ஆனால் அவன் மனைவி லத்தீஃபா அப்போது ஐந்து மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்கு வலி எடுத்து, இரண்டு தடவையும் முதலாளி வண்டி கட்டிக் கொடுத்து, இரண்டு தடவையும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலை உயிரோடு எட்டியது லத்தீஃபா மட்டும்தான். முதல் பிள்ளை திருப்போரூர் தாண்டியதும் உச்சி வெயிலில் வண்டிக்குள்ளேயே போனது. இரண்டாவது பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போனது. "இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்று அங்கே டாக்டரம்மா கேட்டாள். அந்தக் கேள்வி சுபஹானின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1954ஆம் வருஷம் ஆடி மாதம். சென்னையில் இருக்கிற ஒரு சோப்புக் கம்பெனி செங்கல்பட்டில் கிடங்கு திறக்கிறது, அதற்கு ஒரு எழுத்தர் தேவை, தங்குவதற்கு வீடும் தரப்படும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. சுபஹான் ஒருநாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தான். வீடு என்றால் ஒரே அறைதான், ஓட்டுக்கூரை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நடையை எண்ணிப் பார்த்தான். அறுநூற்றுச் சொச்சம் காலடி. திரும்பி வரும்போதே அவன் மனசு அங்கே குடியேறிவிட்டது.

கம்பெனிக்கு எழுதிப் போட்டான். ஒரு படிவம் வந்தது. பெயர், வயது, படிப்பு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கொக்கி போட்டிருந்தார்கள். உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேருடைய பெயரும் விலாசமும் வேண்டும். நாங்களே அவர்களுக்கு எழுதி விசாரித்துக்கொள்வோம். இரண்டு பேரில் ஒருவர் நீங்கள் இப்போது வேலை பார்க்கிற முதலாளியாக இருக்க வேண்டும்.

முதல் ஆள் சுலபம். மாமல்லபுரத்தில் ரிட்டயர்டு உப்பு இன்ஸ்பெக்டர் தர்மராஜ் இருந்தார். சுபஹான் பஸ் பிடித்துப் போனான். அவர் வீட்டுக்கு எதிரே மணலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. தர்மராஜ் ஈசிசேரில் சாய்ந்தபடி படிவத்தைப் பார்த்தார்.

"எம் பேரப் போட்டுக்கோ, தாராளமா எழுதறேன். செங்கல்வராயங்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"கேக்காம அவன் பேரப் போடாதப்பா. வில்லங்கமாப் பூடும்."

சுபஹான் தலையை ஆட்டினான். ஆட்டினானே தவிர முதலாளியிடம் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் திறக்கப் பார்த்தான். மூன்று நாளும் முதலாளி ஏதாவது ஒரு கடிதத்தை நீட்டி, "நீ இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிப்பா" என்று சொல்லித் தொலைத்தார். நாலாவது நாள் சுபஹானுக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனி இங்கிலீஷில்தானே எழுதும்? இங்கிலீஷ் உறை யார் கைக்கு வரும்? தன் கைக்குத்தானே? வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலாளி பெயரை எழுதிப் படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டான். பயந்தவனுக்கு இப்படித்தான் அறிவு வேலை செய்யும்.

பத்தாவது நாள் அந்த உறை வந்தது. நல்ல கனமான வெள்ளை உறை, மூலையில் கம்பெனி பெயர். மற்ற தபாலோடு அதையும் வாங்கிய சுபஹான், அதை மட்டும் சட்டைப் பைக்குள் மடித்துச் செருகினான். மற்ற கடிதங்களை வழக்கம்போல் படித்துச் சொன்னான். நடுவில் இரண்டு வரியை விட்டுவிட்டான்.

"இன்னாப்பா, உடம்பு சரியில்லியா? வேர்த்துகினு கீது" என்றார் முதலாளி.

"வெயிலு மொதலாளி" என்றான் சுபஹான்.

இரண்டு நாள் அந்த உறை அவன் பையிலேயே இருந்தது. பதினைந்து நாளுக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதில் ஐந்து கேள்வி. எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்? நேரத்துக்கு வருகிறவரா? சுறுசுறுப்பு உண்டா? மற்றவர்களோடு ஒத்துப்போவாரா? கடைசிக் கேள்வி, நாணயமானவரா, சரக்கை நம்பி விடலாமா? சுபஹான் அதைத் தொழுகைக்குக் கட்டிய கையோடு நினைத்தான், சோற்றில் கை வைத்தபடி நினைத்தான். இழுப்பறையில் முதலாளி கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள் இரண்டு கிடந்தன. நாலு வரி எழுதினால் தீர்ந்தது.

மூன்றாம் நாள் காலை, தபாலைப் படித்து முடித்த பிறகும் அவன் நகரவில்லை. அவனுக்கே தெரியாமல் கை பைக்குள் போய் உறையை எடுத்தது.

"இன்னொண்ணு கீது மொதலாளி" என்றான். படித்தான்.

முதலாளி மெல்லுவதை நிறுத்தினார். "இன்னொரு தபா படி."

மறுபடியும் படித்தான்.

"என்னியக் கேக்காம எம் பேரக் குடுத்துக்கிற."

"தப்புதான் மொதலாளி."

"இன்னா கொற வெச்சேன் உனக்கு?"

"ஒரு கொறயும் இல்ல. வூட்ல மாசமா கீறா. செங்கல்பட்டுல இருந்தா ஆஸ்பத்திரி பக்கம்."

"அதான் வண்டி கீது இல்ல? எந்நேரமா இருந்தாலும் மாடு பூட்டித் தரேன்னு சொல்லிக்கிறேன் இல்ல?"

அவர் அதை மனசாரத்தான் சொன்னார். அந்த வண்டியைத்தான் சொன்னார். இரண்டு பிள்ளையும் உங்கள் வண்டியில்தான் போச்சு என்று சோறு போட்ட மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

முதலாளி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எழுது" என்றார். சுபஹான் தாளை எடுத்தான்.

"பதினோரு வருசமா கீறான். அத்த எழுது. நேரத்துக்கு வரமாட்டான். வேலயில மந்தம். நாலு பேரோட ஒத்துப் போவமாட்டான். ஒரு வேலய ஒரு தபா சொன்னா செய்யமாட்டான், ஒம்பது தபா சொல்லணும்." அவர் சுபஹானின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பாத்திகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒன்பது தடவை சொன்னால்தான் செய்வான் என்கிற ஆள், ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

"அஞ்சாவது, நாணயமானவரான்னு கேக்கறாங்க மொதலாளி."

வெளியே உப்பு வாருகிறவர்களின் பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அத்த மட்டும் வுட்டுடு."

"காலியா வுட்டா திருடன்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க."

"திருடன்னு என் வாயால சொல்லமாட்டேன். நல்லவன்னு சொன்னா நீ பூடுவ. வுட்டுடுப்பா."

சுபஹான் உள்ளே போய் அத்தனையையும் சுத்தமான இங்கிலீஷில், தன் அழகான சாய்ந்த எழுத்தில் எழுதினான். ஐந்தாம் எண்ணைப் போட்டுப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டான். கொண்டுவந்து தமிழில் படித்துக் காட்டினான். தன்னைத் தானே சோம்பேறி என்று வாய்விட்டுப் படிக்கிற கொடுமை இந்த உலகத்தில் வேறு எவனுக்காவது வந்திருக்குமோ என்னவோ. முதலாளி கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல் இதற்கும் சுபஹான்தான் உறை ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டும்.

தபால் பெட்டிக்குப் போவதற்கு முன் இழுப்பறையைத் திறந்தான். கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். தேதி போட்டான். முதல் நாலு கேள்விக்கும் உண்மையான பதிலை எழுதினான், ஒரு வரிகூடக் கூட்டவில்லை. ஐந்தாம் எண்ணைப் போட்டான். நாணயமானவர், முழுக்க நம்பலாம் என்று எழுதப் போனவனுக்குக் கை நின்றுவிட்டது. இந்தத் தாளில் அதை எழுதினால், மை உலர்வதற்குள்ளேயே அது பொய்யாகிவிடும். முதலாளி இவனை நம்பிக் கையெழுத்துப் போட்டு வைத்த தாள் அது.

தாளை நாலாகக் கிழித்து, டீ போடுகிற அடுப்பில் போட்டான். முதலாளி சொன்ன கடிதத்தை எடுத்துப் போய்த் தபால் பெட்டியில் போட்டான். விழுந்த சத்தம் கேட்ட அடுத்த நொடி லத்தீஃபாவின் முகம் கண்முன்னால் வந்தது. பெட்டியின் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினான். எட்டவில்லை. தெருவில் போன ஒருத்தி நின்று பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்; தோல் உரிந்து போயிருந்தது.

வீட்டுக்கு வந்து லத்தீஃபாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. முடித்ததும் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"கையெழுத்துப் போட்ட தாளு இருந்திச்சா இல்லியா?"

"இருந்திச்சி."

"பேனா இருந்திச்சா?"

அவன் தோல் உரிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"உங்க நாணயத்த நான் இன்னா பண்றது? வயித்துல கட்டிக்கட்டுமா? அந்த வண்டில என்னிய மூணாவது தபா ஏத்தப் போறீங்க. ஏத்துங்க. நான் செத்தா மொதலாளிக்கு ஒரு நல்ல கடுதாசி எழுதிப் போடுங்க." குரலை உயர்த்தவே இல்லை அவள். அவ்வளவு சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள். அதற்கப்புறம் பத்தொன்பது நாள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். சுபஹான் ஒவ்வொரு நாளும் அவள் வயிற்றைப் பார்ப்பான். அது பெரிதாகப் பெரிதாக அவனுக்குப் பயமும் வளர்ந்தது. தான் செய்தது சரிதானா என்று தன்னையே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான்.

இருபதாம் நாள் வீட்டு விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. அடுத்த திங்கட்கிழமை செங்கல்பட்டுக் கிடங்குக்கு நேரில் வரவும். சுபஹான் அதை மூன்று தடவை படித்தான். லத்தீஃபா வாசல்படியில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டுக்கிறாங்க" என்றான்.

பத்தொன்பது நாள் கழித்து அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும். என்னிய அப்டி வுட்டுடமாட்டீங்க. திரும்பப் போயி மாத்தி எழுதிப் போட்டீங்க இல்ல?"

"மாத்தல லத்தீஃபா. சத்தியமா மாத்தல."

"சரி சரி, மாத்தல. மெல்லப் பேசுங்க, சொவருக்கும் காது கீது" என்று சொல்லிவிட்டு, அவனுக்குப் பிடித்த நாஸ்தா செய்ய உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சுபஹான் மேனேஜர் முன்னால் போய் நின்றான். மேனேஜர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், மதுரைப் பக்கத்துக்காரர். மேஜைமேல் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சுபஹான் நிரப்பி அனுப்பிய படிவம். இன்னொன்று செங்கல்வராயன் கையெழுத்துப் போட்ட கடிதம்.

"இது ரெண்டும் ஒரே கை எழுத்து" என்றார்.

கள்ளக் கடிதம் என்று போலீசில் கொடுக்கப் போகிறார்கள் என்றே சுபஹான் நினைத்தான். "ஆமாங்க. நான்தான் எழுதினேன். முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. அவர் சொல்ல நான் எழுதுவேன்."

"இதையும் அவர் சொல்லித்தான் எழுதினீங்களா? மந்தம், நேரத்துக்கு வரமாட்டார், இதெல்லாம்?"

"ஆமாங்க."

"என்ன எழுதியிருக்குன்னு அவருக்குப் படிக்கத் தெரியாது."

"தெரியாதுங்க."

"அஞ்சாவது கேள்விக்குப் பதிலே இல்லையே?"

"அதை விட்டுடச் சொன்னாருங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். "தன்னைப் பத்தித் தானே எழுதிக்கிட்ட சர்டிபிகேட் நான் நிறையப் பார்த்திருக்கேன். எல்லாத்துலயும் ஆள் தங்கமாத்தான் இருப்பான்" என்றார். பிறகு பேனாவைத் திறந்து, ஐந்தாம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். ஆம் என்று. தாளை ஃபைலுக்குள் செருகிவிட்டு, ஒன்றாம் தேதி வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

நியமனக் கடிதத்தோடு சுபஹான் முதலாளியிடம் போனான். தமிழில் படித்துச் சொன்னான். அதுதான் அவன் அவருக்குப் படித்த கடைசிக் கடிதம். முதலாளி கொஞ்ச நேரம் அவனையே உற்றுப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார்.

"மாத்திட்ட இல்ல?"

"இல்ல மொதலாளி. நீங்க சொன்னதத்தான் எழுதினேன். ஒரு எழுத்து மாத்தல."

"வுடுப்பா. மந்தமான ஆளு, ஒத்துப் போவமாட்டான்னு எழுதினா எவன் வேல குடுப்பான்? எனக்கு வருத்தம் இல்ல. புள்ளத்தாச்சிக்காரி வூட்ல கீறா, நானா இருந்தாலும் அத்தத்தான் பண்ணியிருப்பேன்." எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "மன்னிச்சிட்டேன். போயிட்டு வா."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு சுபஹான் வெளியே வந்தான். உப்பளத்து வெயிலில் கண் கூசியது. பதினோரு வருஷம் அவன் சொன்னதை எல்லாம் கேள்வி கேட்காமல் நம்பிய மனுஷர், கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் நம்பவில்லை. வரப்பில் நின்று கொஞ்ச நேரம் அழுதான்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லத்தீஃபாவுக்கு வலி எடுத்தது. அந்த அறுநூற்றுச் சொச்சம் காலடியை அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் நின்றாள். அன்று சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் சிக்கல்தான், ஆயுதம் போட்டுத்தான் எடுத்தோம், வரத் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாள். சுபஹான் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். லத்தீஃபா வெளுத்துப் போய்க் கிடந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் குழந்தை. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்" என்றாள் லத்தீஃபா. "அன்னிக்கி உங்கள வாயில வந்தபடி பேசிட்டேன். பேசினது இன்னும் மனச அறுக்குது. ஆனா அந்தக் கடுதாசிய நீங்க மாத்தித்தான எழுதினீங்க? நானா, உங்க நாணயமான்னு வந்தப்போ, என்னியத்தான நெனச்சீங்க?"

அவன் இடுப்பில் கிடங்குச் சாவிக் கொத்து தொங்கியது. அதில் சின்னச் சாவி ஆபீஸ் அலமாரிச் சாவி. அலமாரியில் மேல்தட்டில் அவனுடைய ஃபைல், அதற்குள் அந்தக் கடிதம், அப்படியே இருந்தது. எடுத்து வந்து காட்டினால் படித்துச் சொல்ல இந்த ஆஸ்பத்திரியிலேயே நாலு பேர் கிடைப்பார்கள். தன்னை நம்பாமல் போன இரண்டு பேரில் ஒருவராவது நம்பிவிடுவார். அவன் லத்தீஃபாவின் முகத்தைப் பார்த்தான். அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள், இமைகூடத் தட்டாமல்.

"ஆமா" என்றான் சுபஹான். "மாத்தித்தான் எழுதினேன்."

அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.